பூத்து நிற்கும் மாமரத்துக்கு மருந்து அடிக்கலாமா?

மாங்குளத்தான்:
வளவில் நிற்கும் கறுத்தக் கொழும்பான் மாமரம் இந்தத் தை மாதம் கொப்புத் தெரியாமல் பூத்திருக்கிறது. அடியில் போய் நின்றால் தூறல் விழுகிற மாதிரி சடசடவென்று சத்தம்; சாறு உறிஞ்சுகிற பூச்சியான தத்திகள், குறுணி அரிசியளவில், முகத்தில் வந்து மோதுகின்றன. இலையெல்லாம் பிசுபிசுப்பு. நாளைக்கு மருந்து அடிக்கப் போகிறேன்.

மல்லாவி வாசி:
பொறுங்கோ அண்ணை. பூ விரிந்த பிறகு அடித்தால் தத்தியோடு தேனீயும் ஈயும் சாகும். மாம்பூவில் மகரந்தம் சுமப்பதில் ஈக்களுக்குப் பெரும்பங்கு.

மாங்குளத்தான்:
ஈக்குப் பாவம் பார்த்துத்தான் போன வருடம் விட்டேன். தத்தி சாறு உறிஞ்சிப் பூவெல்லாம் கருகிக் கொட்டியது. அது கழிக்கிற இனிப்பு நீரில் கரும்பூஞ்சணம் பிடித்து, இலை அடுப்புக்கரி பூசினதுபோல ஆனது. ஒரு காய் மிஞ்சவில்லை.

ஒட்டுசுட்டான் தம்பி:
அடியுங்கோ அண்ணை. அது பூந்தண்டுக்குள்ளேயே முட்டை இடுகிறது. குஞ்சு பொரித்தால் அவ்வளவுதான்.

மல்லாவி வாசி:
தண்டுக்குள் இருக்கிற முட்டையை மேலே அடிக்கிற மருந்து என்ன செய்யும், தம்பி? கொத்து மொட்டாக நீளும்போது அடித்திருக்க வேண்டும். இமிடாக்குளோபிரிட் என்கிற பூச்சி மருந்து தேனீக்கு நஞ்சு. விரிந்த பூவில் அதைத் தொடவே கூடாது.

அண்ணை, பூக்காத காலத்தில் தத்தி பட்டை வெடிப்புக்குள் ஒளிந்து கிடக்கும். இருட்டடைந்த மரம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். காய் பிடுங்கி முடிந்ததும் நடுக்கொப்பு வெட்டி வெயில் விட்டீர்களா? இன்னொன்று: மாங்கொத்தில் அனேகம் ஆண் பூ, கொட்டத்தான் செய்யும். போன வருடம் கொத்தில் அரிசிமா தூவினதுபோல வெள்ளை இருந்ததா? அது சாம்பல் நோய். பூச்சி மருந்துக்குக் கேட்காது.

மாங்குளத்தான்:
வெள்ளையும் கொஞ்சம் இருந்ததுதான். அதற்காகத் தத்தி இல்லையென்று ஆகுமா?

முறிகண்டி அக்கா:
எங்கள் மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறது. தத்தி குறைவு. காய் பிடுங்க ஏறுகிறவன் பாடுதான் பாடு.

ஒட்டுசுட்டான் தம்பி:
அதே முசுறு மாவுப்பூச்சிக்குக் காவலும் நிற்கும், அக்கா.

மல்லாவி வாசி:
2021இல் இலங்கை அரசாங்கம் பூச்சி மருந்து இறக்குமதியை நிறுத்தியபோது நான் வேப்பங்கொட்டைதான் அடித்தேன். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பு. இடித்து, இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம். பின்னேரத்தில், தேனீ அடங்கிய பிறகு அடிக்க வேண்டும்.

மாங்குளத்தான்:
சரி, தை மாதத்தில் வேப்பங்கொட்டைக்கு நான் எங்கே போக?

முறிகண்டி அக்கா:
எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சாக்குக் காய்ந்து கிடக்கிறது. வந்து எடுங்கோ. முசுறுக் கூடு வேண்டுமென்றால் அதையும் நீங்களே ஏறி வெட்டுங்கோ.