ஸ்விஃப்ட்டில் முன்பக்கக் காயில்ஓவர் மாற்றிய பின் ‘டங்’ சத்தம், டயர் உள்விளிம்புத் தேய்மானம் – உதவி தேவை

கேள்வி:

வணக்கம். என்னுடையது 2008ஆம் ஆண்டு 1.3 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். கம்பெனி ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, உயரம் மாற்றக்கூடிய காயில்ஓவர்களை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தவை) பொருத்தி, வண்டியை ஏறக்குறைய 45 மி.மீ. இறக்கியிருக்கிறேன், டயர் அளவு 195/60 ஆர்15. அதன் பிறகு, நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் இடப்பக்க ஸ்ட்ரட்டிலிருந்து (சக்கரத்துக்கு மேலுள்ள ஸ்பிரிங்-ஷாக் தொகுதி) கம்பி அறுந்ததைப் போல ‘டங்’ என்று சத்தம் வருகிறது. முன் டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் வேகமாகத் தேய்கின்றன. பொருத்திய பட்டறையிலோ, இந்த வண்டியில் கேம்பரை (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) சரிசெய்ய வழியில்லை, லோயர் ஆர்மை (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை) மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1:

லோயர் ஆர்முக்கு இப்போது செலவு செய்யாதீர்கள். நீங்கள் சொல்பவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள்.

முதலில் சத்தம். ஒருவர் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பட்டும். நீங்கள் ஸ்பிரிங்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரட்டோடு சேர்ந்து ஸ்பிரிங்கும் சீராகத் திரும்ப வேண்டும். அது திரும்பாமல் முறுக்கேறி, பிறகு ஒரே துள்ளலில் நகர்ந்தால், மேல் மவுண்டின் (ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டியோடு பிணைக்கும் பகுதி) பேரிங் சிக்கியிருக்கிறது, அல்லது அதன் வாஷர்கள் வரிசை மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். திரும்பப் பூட்டும்போது மேல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதீர்கள். உள்தண்டும் சேர்ந்து சுழன்று டேம்பரின் (ஷாக் அப்சார்பரின்) சீல் கெடும். தண்டை ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்குவதே முறை.

அடுத்தது தேய்மானம். எல்லோரும் கேம்பரைத்தான் குறை சொல்கிறார்கள், ஆனால் −1.5 டிகிரிக்குள் (மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது) இருக்கும் கேம்பர் இவ்வளவு வேகமாக டயரைத் தின்னாது. வண்டியை இறக்கும்போது லோயர் ஆர்மும் டை ராடும் (ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைத்துத் திருப்பும் தண்டு) வெவ்வேறு வளைவில் நகர்வதால் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறிவிடுகிறது, பெரும்பாலும் டோ-அவுட் பக்கமாக, அதாவது சக்கரத்தின் முன்பகுதி வெளிப்பக்கம் திரும்பியபடி. ஒரு சக்கரத்தில் கால் டிகிரி டோ இருந்தாலே, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான்கு மீட்டருக்கு மேல் அந்த டயர் பக்கவாட்டில் உரசியபடி இழுபடுகிறது. இதை டை ராடிலேயே சரிசெய்யலாம். உயரத்தை மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்வது) செய்தார்களா?

கேள்வி கேட்டவர்:

செய்யவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ஸ்பிரிங் நீங்கள் சொன்னபடியே துள்ளியது. பிரித்துப் பார்த்தபோது பேரிங்கின் மேல் வர வேண்டிய வாஷர் அதற்குக் கீழே இருந்தது. மாற்றிப் பூட்டியதும் சத்தம் நின்றுவிட்டது.

பதில் 2:

அலைன்மென்ட்டுக்குப் போகும் முன் இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள்.

லோயர் ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கியிருந்தால், வண்டி தரையில் இறங்கியதும் ஆர்மின் இணைப்பிலுள்ள ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிலேயே இருக்கும்; சீக்கிரம் கிழிந்து, பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் முழு எடையும் சக்கரங்களின் மேல் இருக்கும்போது திரும்ப இறுக்குங்கள்.

மற்றொன்று உயரம். சமதளத்தில் நிறுத்திவிட்டு லோயர் ஆர்மைப் பாருங்கள். அதன் சக்கரப்பக்க முனை உள்முனையைவிட மேலே ஏறியிருந்தால், வண்டி தேவைக்கு மேல் இறங்கிவிட்டது. உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் இருப்பது போன்ற மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் ரோல் சென்டர் (வளைவில் வண்டி எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழிறங்கும் என்பதால், தாழ்வாக நிற்கும் வண்டி வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயவும் கூடும். உங்கள் காயில்ஓவரின் கீழ்ப்பகுதி தனியாகத் திருகி நகரும் வகையாக இருந்தால் அதைக் கொண்டே உயரத்தைக் கூட்டுங்கள்; ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தொட வேண்டியதில்லை. இடம், வலம் இரண்டையும் அளந்து சமமாக வைத்து, உயரம் நகராமல் பூட்டும் லாக் ரிங்கை இறுக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:

ஆர்ம் முனை மேலேறித்தான் இருந்தது. 20 மி.மீ. உயர்த்தி, புஷ் போல்ட்டுகளையும் தரையில் வைத்தே இறுக்கினேன். டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இடப்பக்கக் கேம்பர் மட்டும் வலப்பக்கத்தைவிட முக்கால் டிகிரி கூடுதலாக உட்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:

ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டு) பிணைக்கும் இரு போல்ட்டுகளின் துளைகளிலும் சிறிது இடைவெளி உண்டு. அவற்றைத் தளர்த்தி, சக்கரத்தின் மேல்பகுதியை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தபடி இறுக்கினால் பாதி வித்தியாசம் குறையக்கூடும். மீதிக்கு, மேல் போல்ட்டுக்குப் பதிலாக அதே அளவுள்ள கேம்பர் போல்ட்டை (திருப்பினால் கேம்பரை மாற்றும் போல்ட்) போடுங்கள். கேம்பரைத் தொட்டால் டோ மீண்டும் நகரும். ஆகவே டோவை அதற்குப் பிறகு ஒருமுறை வைக்கச் சொல்லுங்கள்.