நேர்மாறு சைன் தொகையீடு: மேல் எல்லை ரூட் 3 ஆனால் விடை பிழைக்கிறது

வணக்கம் அண்ணாமார், அக்காமார். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உயர்தர இணைந்த கணிதம் படிக்கிறேன். தொகையிட வேண்டிய கணக்கில் நேர்மாறு சைனுக்குள் 2எக்ஸ்/(1+எக்ஸ் வர்க்கம்) இருக்கிறது. எக்ஸ் = தான் (tan) தீற்றா என்று பிரதியிட்டால் உள்ளே சைன் 2தீற்றா. 0 முதல் 1 வரை பை/2 − இயற்கை மடக்கை 2, சரியாக வந்தது. மேல் எல்லை ரூட் 3 ஆனதும் எனக்கு 2.24 வருகிறது, விடைத்தாளிலோ பை/ரூட் 3, அதாவது 1.81. நேற்று இரவு கொப்பியில் 4 பக்கம் இதற்கே போய்விட்டது.

அந்த எல்லையில் 2தீற்றா 120 பாகை. நேர்மாறு சைன் 90 பாகையைத் தாண்டாதே, 60தான் தரும். பிழை அங்கேதான் என்று படுகிறது. அப்படியென்றால் 1இல் பிரித்து, அதற்கு அப்புறம் பை − 2தீற்றா என்று எடுக்க வேண்டுமா? பரீட்சையில் பிரிக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஒரு படியும் விடாமல் எழுதிக் காட்டுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.