உச்சிவேளையில் ட்ராக்கர் தறிகெட்டு ஓடுகிறது: சென்சாரைச் சரிபார்ப்பது எப்படி?

கோத்தகிரி வாத்தியார்:
வணக்கம். பிள்ளைகள் சூரியப் புள்ளிகளைப் பார்க்கட்டும் என்று பள்ளிக்கூட மாடியில் 60 மி.மீ. தொலைநோக்கி வைத்து வெள்ளை அட்டையில் பிம்பம் விழவைத்திருக்கிறேன். சூரியனோடு அதைத் திருப்பும் ட்ராக்கருக்கு இரண்டு மோட்டார்: அடித்தளத்தைச் சுழற்ற ஒன்று, குழாயை ஏற்றி இறக்க ஒன்று. சென்சார் நானே செய்தது. வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் நான்கு போட்டோடையோடு, நடுவே கூட்டல் குறி வடிவில் கறுப்புத் தகடு. ஒரு பக்கம் நிழல் விழுந்தால் மோட்டார் வெளிச்சப் பக்கம் திரும்பும்.

காலையில் பிம்பம் அசையாமல் நிற்கிறது, ஆனால் அட்டையில் வரைந்த வட்டத்திலிருந்து எப்போதும் ஒரு விரல்கடை இடப்பக்கம் தள்ளியே நிற்கிறது. பன்னிரண்டு தாண்டினால் அடித்தள மோட்டார் பேய் பிடித்தது போல ஓடுகிறது. மேகம் வந்தால் அதன் வெளிச்ச விளிம்பைப் பிடித்துக்கொண்டு எங்கோ போய்விடுகிறது. கெயினை, அதாவது விலகலுக்கு மோட்டார் எவ்வளவு வேகமாகப் பதில் தர வேண்டும் என்ற அளவை, கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று. சென்சாரை முறையாகக் கேலிபரேட் செய்ய வழி சொல்லுங்கள்.

கொடை மெக்கானிக்:
வாத்தியாரே, மூன்று கோளாறை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். மதிய ஓட்டத்துக்குச் சென்சார் மேல் பழி போடாதீர்கள். கோத்தகிரி வடக்கே 11.4 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே போகும், ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி இன்னொரு தடவை. கிழக்கே பார்த்திருந்த அடித்தளம் சில நிமிடத்தில் மேற்கே திரும்பியாக வேண்டும் என்றால் எந்த மோட்டாரும் திணறத்தான் செய்யும். இந்த வாரம் உங்களுக்கு உச்சி 12.21 சுமாருக்கு. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, நீங்கள் இருப்பது 77-க்குப் பக்கத்தில், அதனால்தான் அந்தத் தாமதம். அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் கால்மணி நேரம் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்புங்கள். மற்ற நேரங்களில் சென்சார் காட்டும் விலகலில் அடித்தளத்துக்குப் போவதை, சூரியனின் உயரக் கோணத்தின் கோசைனால் வகுத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் பத்து மணிக்குப் பொருந்திய கெயின் பதினொன்றரைக்குப் பொருந்தாது.

விரல்கடை விலகல்தான் நிஜமான கேலிபரேஷன் வேலை. அதில் சென்சாரின் சொந்தப் பிழையும், அது உட்காரும் இருக்கையின் கோணலும் கலந்து கிடக்கின்றன. புரோகிராமில் ஏதோ ஒரு எண்ணைக் கழித்து ஒப்பேற்றாதீர்கள்.

முதலில் சென்சாரை நன்றாக மூடி, இருட்டில் வரும் நான்கு எண்களையும் குறித்துக் கழித்துவிடுங்கள். அப்புறம் கெட்டியான மூடுபனி இறங்கும் நாளுக்குக் காத்திருங்கள், நம் மலையில் அதற்கா பஞ்சம்! முகப்பில் பட்டர் பேப்பர் ஒட்டிப் பனியைப் பார்க்க வையுங்கள். வெளிச்சம் நாலாபக்கமும் ஒரே சீராக இருப்பதால் நான்கு டையோடும் ஒரே எண்ணைத் தர வேண்டும். தராது. சென்சாரை 90 டிகிரி வீதம் நான்கு நிலையில் திருப்பி, ஒவ்வொரு டையோடுக்கும் சராசரி எடுத்து, நான்கும் ஒன்றாக வரும்படி அதை வைத்துப் பெருக்கு எண் போடுங்கள்.

அடுத்து வெயில் நாள். பிம்பம் நிற்கும் இடத்தை அட்டையில் குறியுங்கள். சென்சாரை அதே இருக்கையில் 180 டிகிரி திருப்பி, புரோகிராமில் இரண்டு அச்சின் கூட்டல் கழித்தல் குறியையும் மாற்றி, மறுபடி குறியுங்கள். இரண்டு புள்ளிக்கும் நடுவிடம் வட்டத்தின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அது இருக்கையின் கோணல், திருகை முடுக்கிச் சரிசெய்யுங்கள். புள்ளிகளின் இடைவெளியில் பாதி சென்சாருடையது, அதைத்தான் எண்ணால் கழிக்க வேண்டும்.

அளவுகோலுக்குச் சூரியனே போதும். மோட்டாரை அணைத்தால் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும், ஏப்ரலில் அதைவிட சுமார் 2 சதவீதம் குறைவு. விநாடிக்கொரு அளவு பதிந்தால் ஒரு டிகிரி விலகலுக்குச் சென்சார் எத்தனை எண் காட்டுகிறது என்று கிடைத்துவிடும்.

குன்னூர்க்காரன்:
மேகத்துக்கு என் பங்கு: இடது வலது வித்தியாசத்தை நான்கின் கூட்டுத்தொகையால் வகுக்கிறீர்களா? வகுத்தால் மெல்லிய மேகம் ஒன்றும் செய்யாது. கூட்டுத்தொகை தெளிந்த வெயிலில் வருவதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் சென்சார் பேச்சைக் கேட்காமல், கடிகாரத்தை வைத்துக் கணக்கிட்ட இடத்துக்கு ஓட்டுங்கள்.

கோத்தகிரி வாத்தியார்:
வகுக்கவில்லை, இன்றே மாற்றுகிறேன். ஆனால் ஆகஸ்டிலும் இந்த உச்சித் தொல்லை வருமே, அண்ணா?

ஊட்டிப் பழசு:
வரும். ஊட்டி பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்களே, 530 மீட்டர் நீளம். 11 டிகிரிச் சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து வைத்தார்கள். ஊட்டியின் அட்சரேகையும் அதுவே என்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, ஒரே அச்சில் சுழற்றினால் போதும். நீங்களும் நிமிர்ந்து நிற்கும் அச்சைப் படுக்கப் போட்டு வடக்கு நுனியை 11.4 டிகிரி தூக்கிவிடுங்கள், தலைக்கு மேல் போகும் சிக்கலே இருக்காது.

வடக்கை போன் காம்பஸில் பார்க்காதீர்கள், பக்கத்தில் இரும்பு இருந்தால் பொய் சொல்லும். உச்சி நிழலும் இந்த வாரம் உதவாது, நிழலே விழாது. குச்சி நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டு, நிழல் நுனி காலையில் வட்டத்தைத் தொடும் இடத்தையும் மதியத்துக்கு மேல் தொடும் இடத்தையும் குறித்து இணையுங்கள். அது கிழக்கு மேற்கு. வட்டத்தைச் சின்னதாகவே போடுங்கள். பெரிதாகப் போட்டால் இரண்டாவது குறிக்கு மூன்று மணி ஆகிவிடும், அதற்குள் பனி ஏறினால் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.