சென்-துனி ஊரில் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

என் தங்கை மகனுக்கு, பாரிசுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் சென்-துனி ஊரில் உள்ள பாரிஸ் 8 பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் புதுச்சேரியிலிருந்து வருகிறான். சேதி தெரிந்த நாளிலிருந்து தங்கைக்குத் தூக்கம் இல்லை. "93-ஆ அக்கா? அங்கேயா பிள்ளையை அனுப்பச் சொல்கிறாய்?" என்று தினமும் போன். 93 என்பது சென்-துனி இருக்கும் மாவட்டத்தின் எண். அந்த எண்ணைக் கேட்டாலே இங்கே பலருக்கு முகம் மாறும். யூடியூபில் எரிகிற கார்களைப் பார்த்துவிட்டு அவளும் பயந்து போயிருக்கிறாள். 2015 நவம்பர் 13 இரவு ஸ்டாட் து பிரான்ஸ் என்ற பெரிய ஸ்டேடியத்தின் வாசலில் குண்டு வெடித்ததும் இந்த ஊரில்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதை மட்டும் தெரிந்துகொண்டு பயப்படுவது சரியில்லை. அங்கே குடியிருந்தவர்கள், வேலை பார்த்தவர்கள் எழுதுங்கள், அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

முதலில் என்னுடையது. எங்கள் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த புதுச்சேரிக்காரர். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையோடு இங்கே வந்த குடும்பம், வீடு பக்கத்தில் சார்செல் என்ற ஊரில். சென்-துனியில் ஒரு மருத்துவமனையில் பதினோரு வருடம் உதவிச் செவிலியாக இருந்தேன். இரவு வேலை முடிந்து வரும் வழியில் பசிலிக்கா என்ற பெரிய தேவாலயம் இருக்கும். முகப்பில் ஒரு பக்கம்தான் கோபுரம். வடக்குக் கோபுரம் புயலில் சேதமாகி, 1840-களில் கல் கல்லாகப் பிரித்து இறக்கிவிட்டார்கள். இப்போதுதான் அதைத் திரும்பக் கட்டும் வேலை நடக்கிறது. மூன்று வருடம் அதைத் தாண்டிப் போனேனே தவிர உள்ளே போனதில்லை. ஒரு நாள் நல்ல மழை, ஒதுங்குவதற்காகத்தான் நுழைந்தேன்.

கோவில் பகுதிக்குக் காசு இல்லை, ராஜாக்களின் கல்லறைகளைப் பார்க்க டிக்கெட் வேண்டும். அன்று என்னவோ வாங்கினேன். பிரான்சை ஆண்ட ராஜாக்களில் அநேகமாக எல்லோரையும் புதைத்த இடம் இது. கூர்முனை வளைவுகளும் பெரிய கண்ணாடி ஜன்னல்களும் கொண்ட கோதிக் கட்டடக்கலை பிறந்ததும் இங்கேதான் என்பார்கள். சுழேர் என்ற மடாதிபதி எடுத்துக் கட்டிய பகுதி 1144-இல் திறக்கப்பட்டது. கல் சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடி. காலை வெயில் வந்தால் தூணில் சிவப்பும் நீலமும் படியும்.

நான் நின்றுவிட்டது 1515-இல் இறந்த பன்னிரண்டாம் லூயியின் கல்லறை முன்னால். மேலே ராஜாவும் ராணியும் மண்டியிட்டு ஜெபம் செய்கிறார்கள். கீழே அதே இருவரும் துணியில்லாமல் பிணமாகக் கிடக்கிறார்கள். வயிற்றில் தையல். பளிங்கில் ஒவ்வொரு தையலும் தெரிகிறது. பிணத்தைத் துடைத்து, துணி போர்த்தி அனுப்புகிற வேலையை அன்று காலையில்தான் செய்துவிட்டு வந்திருந்தேன். அழுகை வந்துவிட்டது. அங்கிருந்த காவலாளி, வயதான மாலி நாட்டுக்காரர், பக்கத்தில் வந்து ஒன்றும் கேட்காமல் நின்றார். அப்புறம் சொன்னார்: உடல் கெடாமல் இருக்க உள்ளுறுப்புகளை எடுத்துவிட்டுத் தைப்பார்கள், சிற்பி அதை மறைக்கவில்லை. 1793-இல் புரட்சிக்காரர்கள் இந்தக் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளையெல்லாம் குழிகளில் கொட்டியதையும் அவர்தான் சொன்னார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொன்னதும், "அப்படியென்றால் உனக்கு இவர்களை எங்களைவிட நன்றாகத் தெரியும்" என்றார். அவர் ஓய்வு பெறும்வரை, காலையில் அந்தப் பக்கம் போனால் எனக்கு ஒரு வணக்கம் உண்டு.

*

அக்கா, நான் 91-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கு வந்தனான். முதல் ஏழு வருடமும் சென்-துனியில், பிரான்-முவாசேன் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில். ஒரு அறையில் நாலு பேர். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இப்ப ஸ்டேடியம் நிற்கிற இடத்தில் முந்தி எரிவாயு ஆலை. அந்தப் பகுதி முழுக்கத் தொழிற்சாலைகள்தான் இருந்தன. வேலை இருந்ததால் பிரான்சின் மேற்குப் பக்கத்துப் பிரெத்தோன் சனம் வந்தது, பிறகு ஸ்பானியர், அல்ஜீரியர், போர்த்துக்கேயர். நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்தோம்.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு போர்த்துக்கேய அம்மா இருந்தா. முதல் குளிர்காலம், சப்பாத்து நனைந்து கால் விறைத்துப் படியில் இருந்தேன். அவ இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஒரு சோடி கம்பளிக் காலுறையும் ஒரு கோப்பை சூப்பும் கொண்டுவந்து தந்தா. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. யன்னலால் கீழே காட்டி ஏதோ சொன்னா. இரண்டு வருடம் கழித்துப் பாஷை பிடிபட்ட பிறகுதான் விளங்கியது: அறுபதுகளில் அந்த நிலத்தில் தகரக் கொட்டில்கள், அதில்தான் அவவும் பிள்ளைகளும் சேற்றுக்குள் இருந்தவை.

1998 ஜூலை 12-ஐப் பற்றியும் சொல்லவேணும். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலைக்கு அன்று லீவு. உலகக் கிண்ண இறுதி ஆட்டம் எங்கள் யன்னலுக்கு நேரே. பிரான்சுக்காகச் சிடான் தலையால் இரண்டு கோல், மூன்றாவது பெத்தி. 3-0. சிடானின் தகப்பன் அல்ஜீரியாவிலிருந்து வந்து முதல் கட்டட வேலை செய்தது இந்தச் சென்-துனியில்தான். அன்று இரவு எங்கள் கட்டடத்து அல்ஜீரியப் பொடியன்கள் கதவைத் தட்டி, "மாமா, வாங்கோ" என்கிற மாதிரிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அப்ப கார்த், அதாவது இங்கே இருக்கிறதுக்கான அனுமதி அட்டை, கிடைக்கவில்லை. பொலிசைக் கண்டால் ஒதுங்கி நடக்கிற காலம். அன்று விடியும்வரை தெருவில் நின்றேன், ஒருவரும் நீ ஆர் என்று கேட்கவில்லை.

உங்கள் தங்கைக்குச் சந்தையைப் பற்றிச் சொல்லுங்கோ. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு. ஞாயிறுதான் பெரிது. ஒரு மணிக்குக் கிட்டப் போனால் மரக்கறியைக் கூடையோடு மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.

*

நான் பாரிஸ் 8-இல் இப்போது முதுகலை இரண்டாம் ஆண்டு, சொந்த ஊர் மதுரை. தம்பிக்கு ஒரே ஒரு விஷயம்: பல்கலைக்கழகத்துக்குப் போகும் மெட்ரோ 13-ஆம் தடம் பாதியில் இரண்டாகப் பிரியும். பிரிகிற நிலையத்தின் பெயரே லா பூர்ஷ், கவை என்று அர்த்தம். ரயிலின் நெற்றியில் "சென்-துனி யுனிவெர்சித்தே" என்று இருந்தால் மட்டும் ஏற வேண்டும்.

வந்த இரண்டாம் நாள் இரவு பத்து மணிக்கு, இரண்டு பெட்டிகளோடு, மற்ற கிளையின் கடைசி நிலையத்தில் போய் இறங்கினேன். போனில் சார்ஜ் இல்லை. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டபடி, என் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அவர் வீடு அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே. ஆனாலும் என்னோடு லா பூர்ஷ் வரை திரும்பி வந்து, சரியான ரயில் வரும்வரை நின்று ஏற்றிவிட்டுத்தான் போனார். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன், இன்னும் மனதில் உறுத்துகிறது.

பல்கலைக்கழகம் முதலில் வான்சேன் காட்டில் இருந்தது, 1980-இல் இங்கே மாற்றினார்கள். நூலகம் சாலைக்கு மேலே பாலம்போலக் கிடக்கும், கீழே பஸ் போகும். உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள் இருப்பதால் உடைந்த பிரெஞ்சைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. ஆமாம், மெட்ரோ கதவருகே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. கதவு மூடும் நேரத்தில் பறித்துக்கொண்டு ஓடுவார்கள், எனக்கே நடந்தது. 2024 ஜூனில் மெட்ரோ 14-ஆம் தடம் சென்-துனியின் ப்ளேயேல் நிலையம் வரை வந்த பிறகு 13-இல் நெரிசல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

*

மூன்றையும் நேற்று இரவு தங்கைக்கு வாசித்தேன். குழந்தையோடு திரும்பி வந்த அந்தப் பெண்ணைப் பற்றி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். போன் பறிப்பதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் முருங்கைக்காய் கிடைக்குமா என்று கேட்டாள்.

பையன் வந்த முதல் ஞாயிறு, கார்ஜ்-சார்செல் நிலையத்தில் டி5 டிராம் ஏறிச் சந்தை வாசலில் இறங்கப் போகிறோம். முதலில் பசிலிக்கா, ஒரு மணிக்குச் சந்தை. யாழ்ப்பாணத்து அண்ணா, முடிந்தால் நீங்களும் வாருங்கள். அந்த யன்னலை அவனுக்குக் காட்ட வேண்டும்.