ஸ்லாப் செரிஃப்: பட்டைக்காலா, திண்ணடியா?

மோக்காவிலிருந்து:
மொரீஷியஸ் நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். மாலை வகுப்புக்கான அச்சுக்கலைப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஸ்லாப் செரிஃப் என்ற எழுத்து வகைக்குத் தமிழ்ப் பெயர் இல்லாததால் அது வரும் இடங்கள் மட்டும் காலியாக இருக்கின்றன. பழைய நாடக நோட்டீசுகளில் பார்த்திருப்பீர்கள்: எழுத்தின் தண்டு முடியும் இடமெல்லாம் செங்கல் வைத்தது போல ஒரு தடித்த கட்டை. 1810-களில் லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் வார்த்த அச்செழுத்துகள் இந்த வகையின் முன்னோடிகள். சுவரொட்டிக்குத் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும் எழுத்து தேவைப்பட்ட காலம் அது. 1845-இல் வந்த கிளாரண்டன் எழுத்துருவில் கட்டை தண்டோடு வளைந்து சேரும். 1934-இல் வந்த ராக்வெல்லில் நேராக முட்டும். இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். நான் யோசித்தது ‘பட்டைக்கால் எழுத்து’.

ரோஸ் ஹில்லிலிருந்து:
நல்ல சொல், அக்கா. செரிஃபுக்கு, அதாவது எழுத்தின் தண்டு முனையில் வரும் கோட்டுக்கு, பிரெஞ்சில் ‘ஆம்பாத்மான்’ என்கிறோம். அதற்குள் இருக்கும் ‘பாத்’தும் கால்தான். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

குவாத்ர் போர்னிலிருந்து:
தம்பி, காலில்தான் சிக்கல். ‘கா’ எழுதக் கற்றுத்தரும்போது பக்கத்தில் நிற்பதைத் துணைக்கால் என்று நாம்தானே சொல்கிறோம்? பிள்ளை தடித்த துணைக்காலைத் தேடும். ‘திண்ணடி’ எனலாம். திண் + அடி. தனிக்குறில் முன் ஒற்று இரட்டித்தது, நன்னூல் விதிதான். திண்ணை, திண்டு, திணிவு, ‘திண்ணியர் ஆகப் பெறின்’ எல்லாம் ஒரே வேர் என்பது என் எண்ணம். திணையையும் அதில் சேர்க்கலாம். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

போர்ட் லூயியிலிருந்து:
ஐயா, கட்டை எழுத்தின் தலையிலும் உண்டே, அதை எப்படி அடி என்பது? யாப்பில் அடி வேறு. நான் பெயர்ப்பலகை வடிவமைப்பவன். கணினியில் தேட ‘ஸ்லாப்’ என்றுதான் தட்ட வேண்டும். அதையே வைத்துக்கொள்ளலாம். இதற்கு ‘எஜிப்சியன்’ என்றும் பெயர் உண்டு. எகிப்திய எழுத்துக்கும் இதற்கும் உறவில்லை; நெப்போலியனின் படையெடுப்புக்குப் பின் ஐரோப்பாவில் பரவிய எகிப்து மோகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பொருந்தாத பெயரே நிலைக்கும்போது ஸ்லாப் நிலைக்காதா?
அப்புறம், தடித்த கிளாரண்டனைத் தலைப்போடு நிறுத்துங்கள். பத்தி முழுக்க வைத்தால் பக்கம் கறுத்துவிடும். தமிழில் இந்தக் கட்டையை அப்படியே ஒட்டவும் வேண்டாம். பல எழுத்துருக்களில் ‘ர’வையும் துணைக்காலையும் பிரிப்பதே அடியில் உள்ள சின்னக் கோடுதான்.

குவாத்ர் போர்னிலிருந்து:
‘ர’ விஷயம் சரி, மாணவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டியது. ஆனால் 1998-இல் மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழின் இடம் மாறியதும் குரல் எழுப்பி, தாளையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாம். நம் பாடக்குறிப்பில் தமிழ்ச்சொல்லே இல்லாமல் எப்படி?

ரோஸ் ஹில்லிலிருந்து:
‘பட்டைமுனை’ என்றால்? முனை தலைக்கும் பொருந்தும், அடிக்கும் பொருந்தும்.

மோக்காவிலிருந்து:
நேரமில்லை. மூன்று பேர் தனி மடலில் பட்டைமுனைக்குச் சரி சொல்லிவிட்டார்கள். முதலில் வரும் இடத்தில் ‘ஸ்லாப் செரிஃப் எனப்படும் பட்டைமுனை எழுத்து’ என்று போடுகிறேன்.

குவாத்ர் போர்னிலிருந்து:
போடுங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் பட்டை என்றால் தட்டையாக, மெல்லியதாகத்தான் மனதில் வரும். இந்த எழுத்தின் உயிரே அதன் கனம். நான் வகுப்பில் ‘திண்முனை’ என்றே சொல்லிக்கொடுப்பேன்.