டைனோவில் 47 குதிரைத்திறன் குறைகிறது: வண்டியில் பழுதா, அறிவித்த எண்ணில் பிழையா?

கே.ஆர்.புரம் கூபே:
வணக்கம். திங்கட்கிழமை நிறுவனத்துக்குப் புகார்க் கடிதம் அனுப்ப இருப்பதால் அவசரமாக எழுதுகிறேன். 245 குதிரைத்திறன் என்று விவரக்குறிப்பில் அச்சிடப்பட்டுள்ள என் ஸ்போர்ட்ஸ் கூபே, நேற்று டைனோவில் (சக்கரங்களை உருளைமேல் சுழலவிட்டுத் திறனை அளக்கும் இயந்திரம்) 198 மட்டுமே காட்டியது. அடுத்தடுத்து ஓட்டியபோது 194, 189 என்று இன்னும் இறங்கியது. வண்டியில் எந்த மாற்றமும் செய்யவில்லை. இது பழுதா, ஏமாற்றா?

நான்காம் கியர்:
நண்பரே, இந்த மூன்று எண்களை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்ஜின் டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும்) வகையா, எந்த கியரில் ஓட்டினார்கள், எந்தப் பெட்ரோல் இருந்தது, முன்னால் எத்தனை மின்விசிறிகள் வைத்தார்கள், முடிவுத்தாளில் திருத்தக் காரணி (வெப்பம், காற்றழுத்தத்துக்கேற்ப அளவீட்டைச் சரிசெய்யும் எண்) என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் தெரிவியுங்கள்.

பிஸ்டன் பெரியவர்:
இந்தக் கேள்விக்குப் பலமுறை விடையளித்துவிட்டேன். கேட்பவர்கள் பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும். நிறுவனம் அறிவிப்பது கிராங்க் தண்டில், அதாவது இன்ஜினின் வாயிலிலேயே அளந்த திறன், டைனோ அளப்பது சக்கரத்துக்கு வந்து சேரும் திறன். இடையிலுள்ள கியர்பாக்ஸும் டிஃபரென்ஷியலும் (சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) 15 சதவீதத்தை விழுங்கும். 198ஐ 0.85ஆல் வகுத்தால் 233 வருகிறது. மீதமுள்ள வித்தியாசம் அளவீட்டுப் பிழை. இதற்குக் கடிதம் தேவையில்லை.

ஆக்டேன் அன்பன்:
எனக்குப் பெட்ரோல்மீதுதான் ஐயம். எரிபொருள் மூடியின் உட்புறத்தில் எந்த ஆக்டேன் எண் (பெட்ரோல் தட்டலைத் தாங்கும் அளவு) எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 98 கேட்கும் டர்போ இன்ஜினுக்குக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால், நாக் சென்சார் தட்டலை (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பதை) உணர்ந்ததும் வண்டியின் கணினி இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி எழும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். அப்போது இன்ஜின் கெடாது, ஆனால் அறிவித்த திறனும் கிடைக்காது.

பட்டறை மாணவி:
பெரியவர் ஐயா சொன்ன 15 சதவீதத்தை நான் ஏற்கவில்லை. 245 குதிரைத்திறனில் 15 சதவீதம் என்பது ஏறக்குறைய 27 கிலோவாட் வெப்பம், அதாவது இரண்டு கிலோவாட் கீசர்கள் பதின்மூன்று ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம். அதே வண்டியை 500 குதிரைத்திறனுக்கு ட்யூன் செய்தால், அதே கியர்பாக்ஸ் 75 குதிரைத்திறனை விழுங்கும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. எண்ணெயைக் கலக்குவதில் ஏற்படும் இழப்பு வேகத்தைச் சார்ந்தது, பற்களின் உராய்வு சுமையைச் சார்ந்தது, உருளைமேல் டயர் நசுங்குவதால் ஏற்படுவது வண்டியைக் கட்டும் பட்டையின் இறுக்கத்தையும் டயரின் காற்றழுத்தத்தையும் சார்ந்தது. இவை மூன்றையும் ஒரே சதவீதத்தில் அடக்க முடியாது. 2020 மாடல் டொயோட்டா சுப்ராவுக்கு நிறுவனம் அறிவித்தது 335 குதிரைத்திறன், ஆனால் 'கார் அண்ட் டிரைவர்' இதழ் டைனோவில் ஏற்றியபோது சக்கரத்திலேயே 339 வந்தது. இதையும் 0.85ஆல் வகுத்தால் ஏறக்குறைய 399 வரும்.

பிஸ்டன் பெரியவர்:
ஒரு விதிவிலக்கைக் காட்டி விதியை உடைக்க முடியாது. 15 சதவீதம் என்பது பட்டறைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் எண்.

பட்டறை மாணவி:
நெடுங்காலமாகப் பயன்படுவதாலேயே அது அளவீடாகிவிடாது, ஐயா. அளக்க வழியிருக்கும்போது ஏன் ஊகிக்க வேண்டும்? உச்சத் திறனை எட்டியதும் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, சக்கரங்களை உருளைமேல் தானாக ஓய விட்டால், இழுவை இழப்பு எவ்வளவு என்று அந்த இயந்திரமே கணக்கிட்டுவிடும். சுமையின்போது மட்டும் எழும் உராய்வு அதில் முழுமையாகச் சிக்காது. ஆனாலும் ஊகத்தைவிட அது பன்மடங்கு மேல்.

கே.ஆர்.புரம் கூபே:
விவரங்களை விட்டுவிட்டதற்கு மன்னிக்கவும். இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், பின்சக்கர இயக்கம், எட்டு கியர் ஆட்டோமேட்டிக். ஆறாவது கியரில் ஓட்டினார்கள். பிற்பகல் நேரம், ஒரே ஒரு விசிறி. மூடியில் 98 என்று இருக்கிறது. நான் ஊற்றுவது சாதாரணப் பெட்ரோல். முடிவுத்தாளில் "பிஎச்பி, திருத்தமில்லை" என்று இருக்கிறது. விவரக்குறிப்பில் "245 பிஎஸ்" என்று இருக்கிறது.

நான்காம் கியர்:
முதலில் அலகைச் சரிசெய்வோம். பிஎஸ் என்பது 735.5 வாட், பிஎச்பி 745.7 வாட், ஆகவே 245 பிஎஸ் என்பது 241.6 பிஎச்பிதான். காணாமற்போன 47இல் மூன்றரை இப்போதே கிடைத்துவிட்டது. 198, 194, 189 என்ற இறக்கம், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறுவதைக் காட்டுகிறது. நெடுஞ்சாலையில் அதன்மேல் பாயும் காற்றை ஒற்றை விசிறியால் தர முடியாது.

வானிலை வாசகர்:
எல்லோரும் உயரத்தை மறந்துவிட்டீர்கள். கே.ஆர்.புரம் இருக்கும் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் ஏறக்குறைய 910 மில்லிபார். திறனளவீட்டைத் திருத்துவதற்கான எஸ்ஏஇ ஜே1349 நெறி 990 மில்லிபார் உலர்காற்றையும் 25 பாகை வெப்பத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. அந்தத் திருத்தத்தைச் செய்தால் 10 முதல் 12 சதவீதம் கூடும், 198 என்பது 220ஐத் தொட்டுவிடும். கணக்கு முடிந்தது.

பட்டறை மாணவி:
தயவுசெய்து அப்படி முடிக்க வேண்டாம். அந்தச் சூத்திரம் இயல்பாகக் காற்றை இழுக்கும் இன்ஜினுக்கு ஏற்றது. டர்போ இன்ஜினில் கணினி குறிப்பிட்ட அழுத்தத்தை எட்டும்வரை டர்போவை இன்னும் வேகமாகச் சுழல வைப்பதால், மெல்லிய காற்றின் இழப்பில் பெரும்பகுதி ஈடுசெய்யப்படுகிறது. இழக்காத திறனையும் சேர்த்துக் கூட்டிவிட்டு விடை பொருந்துகிறது என்று மகிழ்வது தவறு. திருத்தமில்லாத எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற நிலைமைகளைச் சரிசெய்து மறுபடி அளப்பதே நேர்மையானது.

பழைய கணக்கு:
பெரியவர் "கடிதம் தேவையில்லை" என்று முடித்ததால் இதை எழுதுகிறேன். நிறுவனங்களே பிழை செய்ததும் உண்டு. 1999இல் ஃபோர்டு, மஸ்டாங் கோப்ராவுக்கு 320 குதிரைத்திறன் என்று அறிவித்தது. உரிமையாளர்கள் டைனோவில் ஏற்றி முறையிட்ட பிறகு விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, இன்டேக் மேனிஃபோல்டையும் (இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதி) புகைபோக்கியின் பகுதிகளையும் மாற்றிக் கொடுத்தது. மாஸ்டா 2001 மாடல் எம்எக்ஸ்-5இன் எண்ணை 155இலிருந்து 142 ஆகவும், பிறகு ஆர்எக்ஸ்-8இன் எண்ணை 247இலிருந்து 238 ஆகவும் அமெரிக்காவில் குறைத்து, வேண்டாமென்றவர்களிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்தது. கோப்ரா வாங்கியவர்கள் பேசாமல் இருந்திருந்தால் அந்தத் திருத்தம் நடந்திருக்குமா என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால் அவர்கள் ஒரே ஒரு பிற்பகல் சோதனையை நம்பிப் போகவில்லை. ஒரே மாதிரியான பல வண்டிகளின் அளவீடுகள் அவர்களிடம் இருந்தன.

ஆக்டேன் அன்பன்:
சாதாரணப் பெட்ரோலை முழுவதும் தீர்த்துவிட்டு, 100 ஆக்டேன் பெட்ரோலை நிரப்பி, கணினி டைமிங்கைக் கற்றுக்கொள்ளச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே டைனோவுக்குச் செல்லுங்கள். வேறு டைனோவுக்குப் போனால் ஒப்பீடே இருக்காது.

கே.ஆர்.புரம் கூபே:
பதினேழு நாள் கழித்து வருகிறேன். 100 ஆக்டேன், காலை ஏழு மணி, இரண்டு பெரிய விசிறிகள், ஓட்டங்களுக்கிடையே பத்து நிமிட இடைவெளி, அதே டைனோ, அதே கியர். சக்கரத்தில் 210, 209, 210. ஓயவிட்டு அளந்த இழப்பு 24. கூட்டினால் 234 பிஎச்பி. கடிதத்தை அனுப்பவில்லை. அனைவருக்கும் நன்றி.

பிஸ்டன் பெரியவர்:
24 என்பது 234இல் பத்து சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. இந்த வண்டியைப் பொறுத்தவரை மாணவி சொன்னது சரி.

வானிலை வாசகர்:
அன்று காலை வெப்பநிலை எத்தனை பாகை, டர்போ தந்த பூஸ்ட் அழுத்தம் எவ்வளவு என்று முடிவுத்தாளில் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்; மீதமுள்ள ஏழரை பிஎச்பி உயரத்தால் குறைந்ததா என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்கலாம்.