வேதாகமம் வாங்குவோர் குறைகிறார்கள்: பாத்திரம் மாறுகிறதா, உள்ளே இருப்பதே வற்றுகிறதா?

மேசைப்பொறுப்பு கேட்டது:

எங்கள் சபையில் புத்தக மேசையைப் பார்த்துக்கொள்கிறேன். 2009-இல் "ஆறு மாதம் மட்டும் பாருங்கள்" என்று அலமாரிச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

ஒரு பெட்டியில் 20 வேதாகமம் வரும். ஆரம்பத்தில் வருஷத்துக்கு மூன்று பெட்டி ஓடும். பெரிய எழுத்துப் பதிப்பு தனி. போன வருஷம் ஒரே பெட்டிதான் வரவழைத்தேன், அதில் 11 பிரதி இன்னும் அலமாரியில் கிடக்கிறது. விற்ற ஒன்பதில் ஆறு பரிசு கொடுக்க வாங்கியவை. இரண்டு, போன் எழுத்து கண்ணுக்குத் தெரியாத பெரியவர்கள் வாங்கியவை. தனக்கென்று வாங்கியது ஒரே ஒரு பையன். அவனும் புரட்டிப் பார்த்துவிட்டு "இதுல சர்ச் பண்ண முடியாதே ஆன்ட்டி" என்று சிரித்தான். (தேடுவதைத்தான் சொன்னான்.) நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

முன்பெல்லாம் போதகர் "ஏசாயா 40" என்றால் சபை முழுக்க ஒரு சரசரப்பு எழும். அது அடங்கும் வரை காத்திருந்துதான் வாசிப்பார். இப்போது அந்தச் சத்தமே இல்லை. போன வாரம் எனக்கு முன்னால் இருந்தவர் போனில் ஏசாயாவைத் திறந்தார், மேலே ஏதோ செய்தி வந்து விழுந்தது, அதற்குப் பதில் எழுதினார், அப்புறம் பிரசங்கம் முடியும் வரை ஏசாயா பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாரும் போனில் வாசிக்கிறார்கள், கவலைப்படாதீர்கள்" என்ற ஆறுதல் எனக்கு நிறையக் கிடைத்துவிட்டது, அது வேண்டாம். புத்தகம் மட்டும்தான் குறைகிறதா, அதோடு சேர்ந்து விசுவாசமும் குறைகிறதா? கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்பவர்கள் சொல்லுங்கள்.

---

தையல்கட்டு:

அக்கா, நான் பழைய புத்தகம் பிரித்துக் கட்டும் வேலை செய்கிறவன். 26 வருஷமாகிறது. வருவதில் பாதிக்கு மேல் வேதாகமம்தான்.

முதலில் தொழில் சங்கதி. 66 ஆகமம், 1,189 அதிகாரம் ஒரே கட்டில் அடங்க வேண்டும் என்பதற்காகச் சதுர மீட்டருக்கு 30 கிராம் அளவுள்ள மெல்லிய தாளில் அச்சிடுகிறார்கள். ஜெராக்ஸ் எடுக்கும் தாளில் பாதிகூட இல்லை. சாதாரண அச்சு இயந்திரத்தில் ஓட்டினால் கிழியும், பின்பக்க எழுத்து முன்னால் நிழலாகத் தெரியும். நல்ல பதிப்பில் அது கண்ணை உறுத்தாமலிருக்க வரியின் முதுகில் வரி உட்காரும்படி அச்சிடுவார்கள். இதைச் செய்யத் தெரிந்த அச்சகங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். நிறைய அடித்தால்தான் கட்டுப்படியாகும். ஆர்டர் குறைந்தால் பிரதியின் அடக்கவிலை ஏறும், விலை ஏறினால் இன்னும் நாலு பேர் போனுக்குப் போவார்கள். உங்கள் பெட்டி குறைந்ததில் இந்தக் கணக்கும் கொஞ்சம் இருக்கும்.

சரி, விசுவாசத்துக்கு வருகிறேன். விற்பனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. என் மேசைக்கு வரும் புத்தகத்தை வைத்து ஓரளவு சொல்லலாம். மூடி வைத்து வெட்டு ஓரத்தைப் பாருங்கள். வாசித்த இடத்தில் விரல் அழுக்கு கறுப்புக் கோடாக இருக்கும். அநேகமாக நடுவில், சங்கீதத்தில். பொன்முலாம் பூசிய ஓரமென்றால் இன்னும் சுலபம், வாசிக்காத தாள்கள் முலாமிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். 20 வருஷப் புத்தகம், அட்டை பிய்ந்திருக்கும், உள்ளே லேவியராகமம் திறக்கப்பட்டே இருக்காது. அட்டை பிய்ந்தது தூக்கிக்கொண்டு நடந்ததால். ஆக, நீங்கள் மூன்று பெட்டி விற்ற காலத்திலும் எல்லாரும் வாசித்தார்கள் என்று நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

---

விரல்நுனி:

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பிரெயிலில் முழு வேதாகமம் எவ்வளவு இருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா அக்கா? சுமார் 40 தொகுதி, ஒவ்வொன்றும் ஒரு தடித்த கோப்பு அளவு. நான் படித்த விடுதியில் ஒரு சுவர் முழுக்க அதுதான். ஆராதனைக்கு ஒரு தொகுதியைத்தான் தூக்கிப் போக முடியும். யோவானைக் கொண்டுபோவேன், போதகர் எரேமியாவிலிருந்து பேசுவார். வருஷக்கணக்காக இதே கதை.

வேதாகமத்தைப் போனில் வாசிக்கவும் கேட்கவும் உதவும் யூவெர்ஷன் செயலி 2008-இல் வந்தது. என் கைக்கு அது வர இன்னும் சில வருஷம் ஆனது. போதகர் சொல்லச் சொல்ல நானும் அந்த இடத்துக்குப் போன முதல் நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதனால் "பாத்திரம்தான் மாறுகிறது" என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். சிலருக்குப் பாத்திரமே இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

இன்னொன்று. வெளிப்படுத்தல் 1:3-ஐப் பாருங்கள். "வாசிக்கிறவனும்" என்று ஒருமையில் இருக்கும், "கேட்கிறவர்களும்" என்று பன்மையில் இருக்கும். ஒருவர் வாசிக்க, கூட்டம் கேட்டது. ஆளுக்கொரு புத்தகம் என்பதை அந்தச் சபைகள் கனவிலும் நினைத்திருக்காது. ஐரோப்பாவில் முதல் வேதாகமத்தைக் கூட்டன்பர்க் அச்சிட்டதே 1455 வாக்கில்தான், அதுவும் சுமார் 180 பிரதி. "விசுவாசம் கேள்வியினாலே வரும்" என்று ரோமரில் இருப்பதும் காதால் கேட்பதைத்தான். எங்கள் ஞாயிறு பள்ளியில் ஒரு பொடியன் அதைக் கேள்வி கேட்பது என்று எடுத்துக்கொண்டு, டீச்சரை ஒரு மணி நேரம் விடவில்லை.

ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். புள்ளியைத் தடவி வாசித்தது மனசில் நின்றது போல, கேட்டது நிற்பதில்லை. பாதி அதிகாரத்தில் மனம் எங்கோ போய்விடும், குரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விரல் நின்றால் வாசிப்பும் நின்றுவிடும், அது ஏமாற்றாது.

---

வெளியேநிற்பவன்:

நான் சபையை விட்டு வந்தவன். இங்கே பேசலாமா தெரியவில்லை, கண்ணால் பார்த்தவர்கள் என்றதால் எழுதுகிறேன்.

எண்ணிக்கை பார்ப்பது என் தொழில், அதனால் முதலில் அது. அமெரிக்காவில் 2024-இன் முதல் பத்து மாதங்களில் வேதாகம விற்பனை அதற்கு முந்தைய ஆண்டைவிடச் சுமார் 22 விழுக்காடு ஏறியது. "எழுப்புதல் வந்துவிட்டது" என்று சிலர் கொண்டாடினார்கள். அதே நாட்டில் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்பவர்கள் 2007-இல் 78 விழுக்காடு, 2023-24-இல் 62. பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் கணக்கு. ஒரு கோடு மேலே, இன்னொன்று கீழே. உலக அளவில் 2010 முதல் 2020 வரை கிறிஸ்தவர்கள் கூடி 230 கோடி ஆனார்கள், ஆனால் மக்கள்தொகை அதைவிட வேகமாகக் கூடியதால் பங்கு 28.8 விழுக்காடாக இறங்கியது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இப்போது ஐரோப்பாவைவிட அதிகம் பேர். உங்கள் 11 பிரதியை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

என் கதை வேறு. எங்கள் வீட்டில் ஒன்பது வேதாகமம் இருந்தது, பாதி பரிசு. ஒவ்வொரு பரீட்சைக்கும் யாராவது எரேமியா 29:11-ஐ எழுதிக் கொடுப்பார்கள். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். பிறகு பூப்படத்தோடு போனில் வர ஆரம்பித்தது. 19 வயதில் வீம்புக்கு முழு வேதாகமத்தையும் உட்கார்ந்து வாசித்தேன். அப்போதுதான் மேலே பத்தாம் வசனம் கண்ணில் பட்டது: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்பு. அது சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். அதை வாங்கிப் படித்த பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பி வராமல் அங்கேயே செத்திருப்பார்கள். எனக்கு அது பயங்கரமாக இருந்தது, பெரிதாகவும் இருந்தது. சபையில் ஒரு மூப்பரிடம் கேட்டேன். "ரொம்ப ஆராயாதே" என்றார்.

நான் போனது அந்தப் பதிலால். என் கையில் அச்சுப் புத்தகம் இருந்தது, முழுக்க வாசித்தும் இருந்தேன்.

---

தையல்கட்டு:

தம்பி சொன்னதற்கு ஒரு சேர்க்கை. வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுப்பதைப் போன் தொடங்கவில்லை, எங்கள் ஆள்தான் தொடங்கினான். அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் செய்தது. வசன எண் போட்டவர் ராபர்ட் எஸ்தியேன், அச்சுக்காரர், 1551-இல் புதிய ஏற்பாட்டுக்கு. தேடச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான் போட்டார். எண் இல்லையென்றால் 29:11-ஐ யாரும் படமாக்கி அனுப்பியிருக்க முடியாது.

இருந்தாலும் காகிதத்தில் பத்தாம் வசனம் மேலேயே இருக்கிறது. ஓரக்கண்ணிலாவது படும். படத்தில் படாது. அந்த ஒரு வித்தியாசத்துக்காகவே நான் காகிதத்தின் கட்சி.

இன்னொரு காரணமும் உண்டு. 2018-இல் சீனாவின் இணையக் கடைகளிலிருந்து வேதாகமம் காணாமல் போனது. 2021-இல் அங்கே ஆப்பிளின் கடையிலிருந்து ஒரு வேதாகமச் செயலியும் போனது. வேடிக்கை என்னவென்றால், நான்ஜிங்கில் இருக்கும் அமிட்டி அச்சகம் 2019-க்குள் அச்சிட்டு முடித்தது 20 கோடிப் பிரதி. கடையிலிருந்து எடுக்கலாம், ஏற்கெனவே ஒருவர் தலைமாட்டில் வைத்திருப்பதை அப்படி எடுக்க முடியாது.

---

மேசைப்பொறுப்பு:

எல்லாருக்கும் நன்றி. வெளியேநிற்பவன் தம்பி, நீங்கள் எழுதியது சரிதான், இங்கே எழுதலாம். அந்த மூப்பர் சொன்னதை நானும் ஒரு காலத்தில் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இப்போது வருவதில்லை. அவள் வாங்கிப்போன வேதாகமம் என் விற்பனை நோட்டில் ஒரு கோடாக இருக்கிறது, அவ்வளவுதான்.

விரல்நுனி, உங்களிடம் ஒரு உதவி. செயலியில் கேட்டு வாசிப்பது எப்படி என்று எங்கள் பெரியவர்கள் நாலு பேருக்குக் காட்ட வேண்டும். எனக்கே சரியாகத் தெரியாது. தனிச்செய்தி அனுப்புகிறேன்.

புதுப் பெட்டி இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 11 பிரதியும் இருக்கட்டும். அதற்குப் பதிலாக, கிழிந்த வேதாகமம் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், கட்டித் தர ஏற்பாடு செய்கிறேன் என்று அறிவிக்கப் போகிறேன். ஏழெட்டுப் பேராவது வருவார்கள். அண்ணன், எந்தப் பசை போட்டால் தாள் ஊறாது என்று சொல்லுங்கள்.

நேற்று ராத்திரி நீங்கள் சொன்னபடி என்னுடையதை மூடி வைத்து ஓரத்தைப் பார்த்தேன். சங்கீதம் கறுப்பு, லூக்கா கறுப்பு. பொன்முலாம் பதிப்பு, என் கல்யாணத்துக்கு வந்தது, 31 வருஷமாகிறது. ஆபகூக்கில் இரண்டு தாள் ஒட்டியபடியே இருந்தது. நகத்தால் மெதுவாகப் பிரித்தேன், மூன்றே அதிகாரம்தான். முதல் அதிகாரத்தில் அந்தத் தீர்க்கதரிசி கடவுளிடம் எடுத்த எடுப்பிலேயே "எதுவரைக்கும்" என்று கேட்கிறார், யாரும் அவரை ஆராயாதே என்று சொல்லவில்லை. விளக்கை அணைக்கும்போது மணி ஒன்று.

---

தையல்கட்டு:

மைதா கூழ்தான் அக்கா, தண்ணீர் கம்மியாக. மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து ஒரு ராத்திரி பாரம் ஏற்றுங்கள். தையல் விட்டுப்போனதை நீங்கள் தொட வேண்டாம், எனக்கு அனுப்பிவிடுங்கள்.